லிஃப்ட் நின்ற பிறகு

கப்பல் ஏறும் நாளில் பாதுகாப்பு ஒத்திகை என்பது இப்போதெல்லாம் ஐந்து நிமிட வேலை. கேபின் டிவியிலோ கைபேசி ஆப்பிலோ ஒரு வீடியோ ஓடும். பார்த்து முடித்ததும் லிஃப்டில் நான்காம் தளத்துக்கோ ஐந்தாம் தளத்துக்கோ போய், ஆபத்தில் பயணிகள் திரள வேண்டிய கூடுமிடத்தில் நிற்கும் பணியாளரிடம் கார்டை நீட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம். முடிந்தது, பஃபே பக்கம் போகலாம். நன்றாக நடக்க முடிந்தவருக்கு இது போதும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், வாக்கர் பிடித்து நடப்பவருக்கும், முட்டி தேய்ந்துபோய் படிக்கட்டைப் பார்த்தாலே பெருமூச்சு விடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த ஒத்திகை கற்றுத்தருவது ஒன்றே ஒன்றைத்தான்: லிஃப்டில் போனால் கூடுமிடம் வரும். நிஜமான ஆபத்தில் நடக்காத காரியம் அது.

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் கப்பல் சுற்றுலா போகிறவர்கள் கூடிவிட்டார்கள். சென்னையில் ஏறி இரண்டு மூன்று இரவு போய்வருகிறவர்கள் ஒரு பக்கம். சிங்கப்பூரிலோ பிரான்சிலோ இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்துக் கூட்டிப்போவது இன்னொரு பக்கம். இரண்டிலுமே எழுபது வயதுக்காரர்கள் நிறைய. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விதி. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தை சோலாஸ் என்பார்கள். டைட்டானிக் மூழ்கியது 1912இல், முதல் சோலாஸ் வந்தது 1914இல். இன்று நடைமுறையில் இருப்பது 1974ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும். ஒரு காலத்தில், பயணி ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலைதான் ஏறியிருந்த பல நூறு பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை முடிந்திருக்க வேண்டும் என்று விதி மாறியது. எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கவைக்கும் பழைய முறை கொரோனா காலத்தில் மாறி, 2020க்குப் பிறகு ஆளுக்கொரு நேரத்தில் போய் கார்டைக் காட்டும் முறை பரவியது. வெயிலில் அரை மணி நேரம் நிற்க வேண்டாம் என்பதால் பெரியவர்களுக்கு அது வசதிதான். ஆனால் பழைய முறையில் கூட்டம், நெரிசல், படிக்கட்டு எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவார்கள். இப்போது அதுவும் இல்லை.

அபாய ஒலி உலகம் முழுக்க ஒன்றுதான்: குறுகலாக ஏழு அல்லது அதற்கு மேல், பிறகு நீளமாக ஒன்று. கப்பல் சங்கும் உள்ளே இருக்கும் மணிகளும் சேர்ந்து ஒலிக்கும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டதுமே படகைக் கரையேற்றுவதா வேண்டாமா என்று கடலூர் முதுநகரில் முடிவெடுப்பார்களே, அப்படி எந்த மொழிக்காரருக்கும் புரியவேண்டும் என்று வைத்த குறி இது. ஏழு சின்னது, ஒன்று பெரியது. வீட்டுப் பெரியவர்களுக்கு வாயால் ஊதிக் காட்டிவிடுங்கள், மறக்காது.

ஆனால் மெதுவாக நடப்பவர் இந்த ஒலிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. கான்கார்டியா மோதியது இரவு 9.45 மணிக்கு. பொது அபாய ஒலி வந்தது 10.33 மணிக்கு. நடுவில் 48 நிமிடம். மின்சாரம் போய், கப்பல் சாயத் தொடங்கி, 'ஜெனரேட்டர் கோளாறு' என்று அறிவிப்பு வந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த 48 நிமிடம்தான் முட்டிவலிக்காரரின் மூலதனம். விளக்கு அணைந்தாலோ, தரை ஒரு பக்கமாகச் சாய்வது போலத் தெரிந்தாலோ, பணியாளருக்கான சங்கேத அறிவிப்பு ஒன்று இரண்டு முறை ஒலித்தாலோ, மாத்திரைப் பையை எடுத்து, செருப்பைக் கழற்றி ஷூ போட்டு, கூடுமிடம் இருக்கும் தளத்துக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒன்றும் இல்லை என்று ஆனால் காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். யாரும் சிரிக்கமாட்டார்கள், சிரித்தால்தான் என்ன.

இனி லிஃப்ட். தீ என்றால் லிஃப்ட் வழியே புகை ஏறும். மின்சாரம் போனால் நடுவில் நிற்கும். கப்பல் சாய்ந்தால் லிஃப்ட் ஓடும் தண்டவாளமும் சேர்ந்து சாயும். அதனால் அபாய ஒலி வந்ததும் பயணிகள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அவசர மின்சாரத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு லிஃப்டுக்கு ஒதுக்கீடு உண்டு என்று சோலாஸ் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு லிஃப்ட் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. மாட்டிக்கொண்டவர்கள் வெளியேறுவதற்காக லிஃப்டை ஏதாவது ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அது, அவ்வளவுதான். லிஃப்ட் நிற்கக் கப்பல் மூழ்க வேண்டியதும் இல்லை. 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பலில் இயந்திர அறையில் தீப்பிடித்து மின்சாரம் போனபோது, மெக்சிகோ வளைகுடாவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாள்கணக்கில் மிதந்தார்கள். யாரும் உயிர்காப்புப் படகில் ஏறவில்லை. ஆனால் லிஃப்டுகளும் கழிப்பறைகளும் பெரும்பாலும் ஓடவில்லை. சாப்பாடு ஒரு தளத்தில், படுக்கை ஒரு தளத்தில் என்றால் நடக்க முடியாதவருக்கு அந்த நாள்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், கேபின் எங்கே எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

மீதிப் பாதி இது. வீட்டு மாடியிலோ அலுவலகத்திலோ தீ என்றால் எல்லாரும் கீழே இறங்குவார்கள். கப்பலில் அப்படி இல்லை. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளம் நடுவில் எங்கோ இருக்கும். அதற்கு மேலே கேபின் இருந்தால் இறங்க வேண்டும், கீழே இருந்தால் ஏற வேண்டும். படிக்கட்டில் இறக்குவதற்கென்று ஒரு நாற்காலி உண்டு, இவாக்குவேஷன் சேர் என்பார்கள். அதன் பின்புறம் இரண்டு ரப்பர் பட்டைகள். உட்கார்ந்தவரின் எடை அந்தப் பட்டைகளைப் படி விளிம்பில் அழுத்த, உராய்விலேயே வேகம் கட்டுப்பட்டு, ஒரே ஆள் பின்னால் பிடித்துக்கொண்டு இறக்கிவிடலாம். மடித்தால் சுவரில் தொங்கும், எடை பத்து கிலோ பக்கம், தாங்குவது பொதுவாக 150 முதல் 180 கிலோ வரை. அருமையான சாதனம். ஆனால் பெரும்பாலான மாடல்களில் அது இறங்க மட்டும்தான் உதவும். ஏற்றுவதென்றால் இரண்டு மூன்று பேர் கைகொடுத்துத் தூக்கத்தான் வேண்டும். ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 16 முதல் 18 படி. மூன்று தளம் ஏற்றுவதற்குள் தூக்குகிறவர்கள் இரண்டு முறையாவது மாற வேண்டியிருக்கும். ஆக, கடல்பார்த்த பால்கனியா ஜன்னலா என்பதெல்லாம் அப்புறம். படகுத் தளத்திலேயே, இல்லாவிட்டால் அதற்கு ஒன்றிரண்டு தளம் மேலே, அதற்கும் மேலே போகாமல் கேபின் கேளுங்கள். கீழ்த்தளத்தில் விலை குறைவாக இருக்கும், ஆட்டமும் குறைவாக இருக்கும், வாந்தி வராது என்று டிராவல் ஏஜென்ட் சொல்வார். மூன்றும் உண்மைதான். இருந்தாலும் வேண்டாம்.

கேபின் கப்பலின் நீளவாக்கில் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கப்பல் ஏறக்குறைய 40 மீட்டருக்கு ஒன்று என்று தீ மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மண்டலத்துக்கு மண்டலம் நடுவே தீத்தடுப்புக் கதவுகள். சாதாரண நேரத்தில் அவை சுவரோடு சுவராகத் திறந்து ஒட்டிக்கொண்டிருக்கும், கதவு இருப்பதே தெரியாது. ஆபத்து என்றதும் மேலேயிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் தானாகச் சாத்திக்கொள்ளும். நேற்று நேராகப் போன நடைபாதை இன்று சுவரில் முடிந்ததுபோல் நிற்கும். தள்ளினால் திறக்கும், பூட்டியிருக்காது. ஆனால் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு. வாக்கரோடு ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கடப்பது லேசில்லை. சக்கர நாற்காலியைத் தானே உருட்டுகிறவருக்கு இன்னும் சிரமம். ஒத்திகை நாளில் உங்கள் கேபினுக்கும் கூடுமிடத்துக்கும் நடுவே இப்படி எத்தனை கதவு என்று எண்ணிவிடுங்கள். சுவரின் ஓரத்தில் கீல் தெரியும். சில கதவுகளின் அடியில் மேடான வாசற்படி இருக்கும், வீல்சேரின் சின்ன முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும். அப்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்னோக்கி இழுக்க வேண்டும். கூட வருகிறவர் இதை வீட்டு வாசற்படியிலேயே பழகிக்கொள்ளலாம்.

சாதாரண கேபின் கதவின் அகலம் 58 செ.மீ. அளவில் இருக்கும் கப்பல்கள் நிறைய. சக்கர நாற்காலிக்கான கேபினில் 80 செ.மீ. பக்கம் வரும். அகலமான கேபின் கிடைக்கவில்லை, நாற்காலியை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்வார்கள். அப்படியானால் இரவு இரண்டு மணிக்கு அதைப் பிரித்து வெளியே வைத்து, ஆளை அதுவரை நடத்திக்கொண்டு வருவது யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பேட்டரி ஸ்கூட்டரை நடைபாதையில் நிறுத்தவே கூடாது. புகையில் தட்டுத்தடுமாறி வருகிறவர் முதலில் விழுவது அதன் மேல்தான்.

இப்போது படிவம். புறப்படும் முன், அவசர காலத்தில் தனக்கு உதவி வேண்டும் என்று சொன்னவர்களின் விவரம் பதிவாகி, மாலுமித் தலைவரான கேப்டன் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது சோலாஸ் விதி. சொன்னவர்களின் விவரம் என்பதைக் கவனியுங்கள். சொல்லாதவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பியத் துறைமுகங்களில், பயணிகள் உரிமை விதியின்படி குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்தால் உதவி செய்யவேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் ஏஜென்ட். அந்தக் கட்டத்தை அவர் கேட்காமலே 'இல்லை' என்று தாண்டிப்போவார். கேட்டாலும் நம் வீட்டில் என்ன நடக்கும்?

"எனக்கு என்னடா வந்துச்சு? பீச் ரோட்டுல தினம் நடக்குறேன் இல்ல?"

"நடக்குறீங்கப்பா. ஆனா வீட்டு மாடிக்கு ஏறி ரெண்டு வருஷம் ஆச்சே."

இந்த இரண்டு வரிக்குள்தான் பிரச்சினை முழுதும் இருக்கிறது. விமான நிலையத்தில் வீல்சேர் கேட்க நம்மவர்கள் யாரும் கூச்சப்படுவதில்லை. வரிசையில் நிற்க வேண்டாம், இமிக்ரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும். கப்பல் படிவத்தில் மட்டும் மானப்பிரச்சினை ஆகிவிடுகிறது. சமதரையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவர், கைப்பிடி இல்லாமல் நாலு படி இறங்கமாட்டார். அவருக்கும் அந்தக் கட்டம்தான்.

'நடக்கச் சிரமம்' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. தூக்க வருகிறவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுங்கள்: உடல் எடை எத்தனை கிலோ, கைப்பிடி பிடித்து எத்தனை படி முடியும், ஏறுவதா இறங்குவதா எது கஷ்டம், எந்தப் பக்கம் பலவீனம், உட்கார்ந்த இடத்திலிருந்து தானாக எழுவாரா, நாற்காலி கையால் உருட்டும் கைவண்டியா பேட்டரியா, அதன் எடை எவ்வளவு. மடக்கும் கைவண்டி 15 முதல் 20 கிலோ. கனமான பேட்டரி நாற்காலி நூறு கிலோவையே தாண்டும். ஆளோடு சேர்த்து அதைப் படியில் தூக்குவது யாராலும் ஆகாது. ஆகவே பேட்டரி நாற்காலி முதல் படிக்கட்டோடு நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிட வேண்டும். அதன் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கேபின் பணியாளருக்குக் காட்டி, அதன் மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவையுங்கள். அது தெரியாவிட்டால், அணைந்த பேட்டரி நாற்காலி நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், நான்கு பேர் தள்ளினாலும் நகராது.

ஏறிய அன்றைக்கே வரவேற்பு மேசையில் போய், நீங்கள் அனுப்பிய தகவல் அவர்கள் பட்டியலில் வந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட வேண்டும். வரவில்லை என்பது அபூர்வமே இல்லை. ஏஜென்டிடமிருந்து நிறுவனத்துக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போவதற்குள் எங்கேயாவது ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அங்கேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, இதற்கு மட்டும் தெளிவான பதில் வாங்காமல் நகராதீர்கள்: அபாய ஒலி வந்தால் நான் கேபினிலேயே காத்திருக்க வேண்டுமா, கிளம்ப வேண்டுமா? சில கப்பல்களில் உதவிக் குழு கேபினுக்கு வரும். சிலவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கூடுமிடம். சிலவற்றில் அருகிலுள்ள படிக்கட்டு வரை நீங்கள் வர வேண்டும். குழு கேபினுக்கு வந்து தட்டும்போது நீங்கள் பதினோராம் தளத்தில் நீச்சல்குளம் பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. பொதுவாகச் சொல்லக்கூடியது: இருக்கும் இடத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டின் முகப்புக்குப் போய், வழியை அடைக்காமல் சுவரோரம் நின்று, கண்ணில் படும் முதல் பணியாளரிடம் கேபின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராத அம்மாவுக்கு 'நோ ஸ்டேர்ஸ், நீட் ஹெல்ப்' என்ற நாலு சொல் போதும். கேபின் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

குடும்பமாகப் போனால் இன்னொன்று. கூடுமிடம் கேபினை வைத்துத்தான் ஒதுக்கப்படும். மகன் முன்பகுதியில், அப்பா பின்பகுதியில் என்று அறை எடுத்தால் இருவருக்கும் வேறு வேறு கூடுமிடம், வேறு வேறு படகு. ஒரே இடமாக மாற்றித்தரச் சொல்லி முதல் நாளே கேட்டுவிடலாம்.

பிறகு நிஜ ஒத்திகை. கார்டு 'பீப்' அடித்தது கப்பலின் கணக்குக்கு, இது உங்கள் கணக்குக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டு காலியாக இருக்கும். கேபினிலிருந்து கூடுமிடம் வரை லிஃப்டைத் தொடாமல் போய்ப் பாருங்கள், கையில் கடிகாரம். படியில் நிற்காமல் எத்தனை இறங்க முடிகிறது, எங்கே உட்கார வேண்டியிருக்கிறது, கைப்பிடி வலது பக்கமா இடது பக்கமா. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தவருக்கு இடது பக்கக் கைப்பிடி இருந்தால்தான் உண்டு. கப்பல் படிக்கட்டில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், ஆனால் கூட்டம் இறங்கும்போது நீங்கள் கேட்கும் பக்கம் கிடைக்காது. முடியவே முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே படி படியாக இறங்கலாம். அதற்கு முதுகுக்குப் பின்னால் கையூன்றிப் பழக வேண்டும், வீட்டு மாடிப்படியில் ஒரு வாரம் செய்தால் வந்துவிடும். தரைக்கு மேல் 30 செ.மீ.க்குள் ஒளிரும் பட்டை ஒன்று நடைபாதை நெடுக ஓடும். புகையில் மேல்விளக்கு தெரியாதபோது பார்க்க வேண்டியது அதைத்தான்.

இவாக்குவேஷன் சேரில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கொடுக்காமலும் போகலாம், கேட்பதில் தப்பில்லை. உட்காரும்போது மார்பு, இடுப்பு, கால் என்று பட்டி கட்டுவார்கள். கைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பயந்துபோய் கைப்பிடியைப் பிடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பிடித்த நொடியில் நாற்காலி திரும்பிக்கொள்ளும், பின்னால் இருப்பவர் தடுமாறுவார். புடவை கட்டியவர்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தையும் சேர்த்து முழங்காலுக்கிடையே ஒடுக்கிக்கொள்ள வேண்டும். பட்டைக்கும் படிக்கும் நடுவே துணி போனால் நாற்காலி அப்படியே நின்றுவிடும். இரவில் நைட்டியோடு இருந்தால் மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டச் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் போனவர்களும் சுண்ணாம்பாற்றில் படகு ஏறினவர்களும் ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டியிருப்பார்கள். கப்பலில் இருப்பது வேறு ரகம். கழுத்தைச் சுற்றித் தடித்த காலர், மயங்கிப்போனவரையும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி திருப்புவதற்காக. பல கப்பல்களில் அது தலைவழியே மாட்டும் மாதிரி, முன்னும் பின்னும் பலகைபோல் தொங்கும், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி. கை நுழைக்க வேண்டியதில்லை என்பதால் பக்கவாதக்காரருக்கு நல்லது. ஆனால் தோள் இறுகிப்போனவர் அதைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, எதிரே நின்று ஒருவர் மாட்டிவிட வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரத்தில் மாட்டிவிடும்போது, இடுப்புப் பட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதற்குப் பதிலாக நாற்காலியின் முதுகுச் சாய்வுக்கும் பின்னால் கொண்டுபோய் முன்னால் பூட்டிவிடுவார்கள். பார்க்க இறுக்கமாக, சரியாகத் தெரியும். ஆள் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பார். பூட்டியதும் முன்னால் சாயச் சொல்லுங்கள், சாய்ந்தால் சரி. நாற்காலியின் சொந்த பெல்ட்டும் அவிழ்ந்திருக்க வேண்டும்.

பருமனானவருக்குப் பட்டி எட்டாவிட்டால் சங்கடப்பட்டு இழுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். 140 கிலோ எடை, 175 செ.மீ. மார்புச் சுற்று வரை உள்ளவர்களுக்குக் கட்டும்படி கூடுதல் பாகங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, கேட்டால் தர வேண்டும். போலியோவால் கால் மெலிந்தவர்கள் தண்ணீரில் மிதக்கும் நிலை மற்றவர்களைப்போல் இருக்காது, கால் மேலே எழும்பும். அவர்களை எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர் வழியாக அனுப்பாமல் நேராகப் படகில் ஏற்ற வேண்டும் என்று உதவிப் பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கூடுமிடம் வந்தாயிற்று. அதோடு படகுதான் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை, காத்திருப்புதான். 2019 மார்ச்சில் நார்வே கடற்கரையில் வைக்கிங் ஸ்கை கப்பலின் இயந்திரங்கள் புயலில் நின்றுபோயின. கப்பலில் 1,373 பேர், பயணிகளில் வயதானவர்கள் அதிகம். படகு இறக்கும் நிலையில் கடல் இல்லை. 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மற்றவர்கள் மறுநாள் கப்பல் கரை சேரும்வரை லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளும் செடித்தொட்டிகளும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டிருந்தன. அப்படி ஆடும் கப்பலில் வீல்சேரின் பிரேக்கை நம்பக் கூடாது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும், நாற்காலி முழுசாகத் தரையில் வழுக்கும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் கவிழும். தரையோடு பொருத்திய இருக்கைக்கு மாறி, நாற்காலியை மடித்துக் காலடியில் படுக்கவைக்க வேண்டும். இடமும் காரணம்: கூடுமிடத்தில் ஒரு ஆளுக்குக் கணக்கு 0.35 சதுர மீட்டர்தான். விரித்து வைத்த சக்கர நாற்காலி இரண்டு மூன்று பேர் இடத்தை அடைத்துவிடும். கூடுமிடம் தியேட்டராக இருந்தால் சரிவும் படியும் இருக்கும், பின்வரிசையில் கதவோரம் இடம் பிடியுங்கள்.

மணிக்கணக்கில் காத்திருப்பு என்றால் பையில் என்ன இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்று நாள் மாத்திரை, இன்சுலின் போடுகிறவருக்கு அதுவும் கூடவே இனிப்பும், இரண்டு மூன்று டயப்பர் அல்லது கதீட்டர், கண்ணாடி, காது மெஷினுக்கு பேட்டரி, மருந்துச் சீட்டின் நகல். எல்லாம் ஒரு ஜிப் பைக்குள், அது ஒரு தோள்பைக்குள். உயிர்காப்புப் படகில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும் 10,000 கிலோ ஜூல் அளவு உணவும் குமட்டல் மாத்திரையும் வைத்திருப்பார்கள். சர்க்கரை மாத்திரை இருக்காது, கழிப்பறையையும் எதிர்பார்க்கக் கூடாது.

கடைசியில் படகு. உள்ளே ஒருவருக்கு 43 செ.மீ. அகலம் என்ற கணக்கில் இருக்கை, சராசரி எடை 75 கிலோ என்று வைத்துக்கொண்டு. சக்கர நாற்காலிக்கு இடம் இல்லை. படுத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் இருப்பவரையும் ஏற்றும்படி படகுத் தளம் அமைந்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஏற்றமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். கஷ்டம் வாசலில்தான். கப்பல் சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்துப் படகு விலகித் தொங்கும், தளத்துக்கும் படகுக்கும் நடுவே இடைவெளி விழும். நடக்கச் சிரமப்படுபவர் அதைத் தாண்டப் பார்க்கக் கூடாது. படகுக்கு முதுகைக் காட்டி, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளேயிருக்கும் பணியாளர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்ததும், கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே திருப்ப வேண்டும். ஆட்டோவில் ஏறச் சிரமப்படும் பாட்டிகளை நாம் ஏற்றுகிற அதே முறை.

இதைப் பழகிப்பார்க்க ஒரு வாய்ப்பு பயணத்திலேயே வரும், பலர் கவனிப்பதில்லை. பெரிய கப்பல் உள்ளே வர ஆழம் போதாத துறைகளில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும். பயணிகளைப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்த சொகுசுக் கப்பலும் அப்படித்தான் தள்ளி நின்றது. இந்த மாதிரித் துறைகளில் கரைப்படகாகப் பல கப்பல்கள் பயன்படுத்துவது தங்கள் உயிர்காப்புப் படகுகளில் சிலவற்றையேதான். படி எவ்வளவு உயரம், இருக்கை எப்படி, பெல்ட் எங்கே என்பதையெல்லாம் பதற்றம் இல்லாத ஒரு காலைப்பொழுதில் பார்த்துக்கொள்ளலாம். அலை படகை அரை மீட்டர் தூக்கித் தூக்கிப் போடும். பணியாளர் இருவர் இரண்டு பக்கமும் நின்று, விரலை விட்டுவிட்டு முன்கையை முன்கையால் பிடிப்பார்கள், நீங்களும் அப்படியே பிடியுங்கள். படகு மேலே வந்து ஒரு நொடி நிற்கும்போது அவர்கள் சொல்வார்கள், அப்போது காலெடுத்து வைக்க வேண்டும். முன்கூட்டி எடுத்தாலும் தயங்கினாலும் படகு கீழே போயிருக்கும். கைவண்டியை மடித்துத் தனியாகக் கொடுப்பார்கள், பேட்டரி நாற்காலியைப் பெரும்பாலும் அனுமதிக்கமாட்டார்கள். ஏற்றுவதா வேண்டாமா என்பதை அன்றன்றைய அலையைப் பார்த்து மாலுமித் தலைவர்தான் முடிவு செய்வார். ஐப்பசி கார்த்திகையில் நம் கரையில் அலை எப்படி இருக்கும் என்று தேவனாம்பட்டினத்துக்காரரைக் கேட்டால் சொல்வார். அந்த மாதங்களில் வேண்டாம் என்று அவர் சொன்னால் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுங்கள். எல்லாரும் ஊர் பார்க்கப் போயிருக்கும் அந்த மதியம் படிக்கட்டெல்லாம் காலியாகத்தான் இருக்கும்.